மயக்க ஊசிக்கு முன் ஒரு ஜெபம்

நிலா_திருச்சி | ஞாயிறு, இரவு 9.40

என் அம்மாவுக்கு வயது 61. போன மாதம் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். மருத்துவர் மேல் புகார் சொல்ல இந்த இழையைத் தொடங்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தியேட்டருக்குள் மேசையில் படுக்க வைத்த பிறகு, மயக்க மருந்து கொடுப்பதற்குச் சற்று முன், சர்ஜன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெபம் பண்ணிக்கலாமாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா தலையாட்டியிருக்கிறார். அவர் கண்ணை மூடி இயேசுவின் பெயரில் ஒரு நிமிடம் ஜெபித்திருக்கிறார். சுற்றி நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் ஆமென் சொன்னார்களாம். என் அம்மா வருடாவருடம் சமயபுரத்துக்கு நடந்தே போகிறவர். அன்று காலை கூட நெற்றியில் வைத்திருந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார்கள்.

அம்மா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அதே சமயம் இன்னொன்றும் உண்டு. ஆபரேஷன் முடிந்த அன்று இரவு 11 மணிக்கு அந்த மருத்துவர் மறுபடி வந்தார். அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், என்னிடம் பத்து நிமிடம் பேசினார், நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். எந்த மருத்துவரும் எங்களிடம் அப்படி நடந்துகொண்டதில்லை. அந்த ஜெபமும் இந்த இரவு நேர வருகையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

மதச் சண்டை வேண்டாம். மருத்துவமனையில் வேலை செய்பவர்கள், சிகிச்சை எடுத்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

-----

காவிரிமைந்தன்_07 | ஞாயிறு, இரவு 10.05

அம்மாவே சும்மா இருக்கும்போது நீங்கள் ஏன் வருத்தப்படுகிறீர்கள் என்று புரியவில்லை. எந்தச் சாமி பேரில் கும்பிட்டால் என்ன, நல்லது நடக்கட்டும் என்றுதானே கும்பிட்டார்.

-----

செவிலி_மதுரை | ஞாயிறு, இரவு 11.20

நிலா, நான் 22 வருடமாகத் தியேட்டரில் வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்டிருப்பது நாங்கள் தினமும் பார்க்கிற விஷயம், ஆனால் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை.

மதம் தியேட்டருக்குள் எப்படியும் வந்துவிடும். வாசலிலேயே தொடங்கிவிடும். டயதெர்மி என்று ஒரு கருவி, மின்சாரத்தால் தசையை வெட்டி ரத்தத்தையும் நிறுத்தும். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடக்கூடும் என்பதால் நகைகளைக் கழற்றச் சொல்வோம். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அழுத பெண்கள் எத்தனையோ பேர். பொன் தாலியை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிக்கொண்டு வரச் சொல்வோம். அதற்குப் பிறகு முகம் தெளிந்துவிடும். கறுப்புக் கயிறு என்றால் மேலே பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன். தாயத்து, சிலுவை என்றால் கவரில் போட்டுப் பெயர் எழுதி, வார்டில் கண் விழித்ததும் கையில் கொடுப்பேன்.

சர்ஜன்களிலும் எல்லா விதமும் பார்த்துவிட்டேன். கை கழுவும் இடத்தில் முழங்கை வரை நுரையோடு நிற்கும்போது உதடு மட்டும் அசையும் ஒருவர். கத்தியை வாங்குவதற்கு முன் ஒரு கணம் கண் மூடும் ஒருவர். அஷ்டமி நவமியில் திட்டமிட்ட பெரிய கேஸ் எதுவும் போடாத ஒருவர், ஆனால் விபத்துக் கேஸ் வந்தால் நாள் பார்க்காமல் நள்ளிரவிலும் ஓடி வருவார். இவர்களால் நோயாளிக்கு ஒரு சங்கடமும் இல்லை. தங்கள் கை நடுங்காமல் இருக்கத் தங்களுக்காகக் கும்பிடுகிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கு நடந்தது வேறு. மேசையில் படுத்திருப்பவருக்குச் சொந்த உடுப்பு கூட இல்லை, ஒரு பச்சைத் துணிதான். கையில் ஊசி ஏறியிருக்கும், மேலே விளக்கு. கண்ணாடி, பல்செட் எல்லாம் கழற்றி வைத்திருப்போம். அந்த நிலையில் இருக்கிற ஒருவரிடம் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார். அங்கே கேட்பதைச் சம்மதம் கேட்பதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அதே கேள்வியை முந்தின நாள் சாயங்காலம் வார்டில், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டிருந்தால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

-----

தஞ்சைத்தமிழ் | திங்கள், காலை 7.15

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனாலும் செவிலி அக்கா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், அவர் சொன்ன அந்தப் பச்சைத் துணி விஷயம்தான் மையம் என்று நினைக்கிறேன்.

நோயாளிக்காக ஜெபிப்பது நோயாளிக்கு என்ன செய்கிறது என்று அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்று செய்தார்கள். 2006இல் முடிவு வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் தலைமை. 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் இரண்டு பிரிவிடமும் "உங்களுக்காக ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் இருக்கலாம்" என்று சொன்னார்கள். அதில் ஒரு பிரிவுக்கு உண்மையில் ஜெபம் நடந்தது, இன்னொன்றுக்கு நடக்கவில்லை. சிக்கல் வந்தவர்கள் 52 சதவீதமும் 51 சதவீதமும், அதாவது வித்தியாசமே இல்லை. மூன்றாவது பிரிவுக்கு "உங்களுக்காகக் கட்டாயம் ஜெபிக்கிறோம்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டு ஜெபித்தார்கள். அவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல். தற்செயலாக இருக்கலாம். ஜெபிக்க ஆள் வைக்கும் அளவுக்கா என் நிலைமை மோசம் என்ற பயமாகவும் இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள். இதை வைத்து யாருடைய நம்பிக்கையையும் பொய் என்று சொல்ல வரவில்லை. காவிரிமைந்தன் "எந்தச் சாமி என்றால் என்ன, நல்லதுதானே" என்கிறார். கேட்கிறவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நின்று நிதானிக்க ஒரு நிமிடம் வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள். தோலைக் கீறுவதற்கு முன் எல்லோரும் கையை நிறுத்தி, நோயாளியின் பெயர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த நிமிடத்தில் எல்லா மதத்தவரும் நிற்கலாம், நானும் நிற்கலாம்.

-----

மேலப்பாளையத்தான் | திங்கள், இரவு 10.30

நான் பொது அறுவை மருத்துவர், முஸ்லிம். தோலைக் கீறும் முன் பிஸ்மில்லாஹ், அதாவது 'அல்லாஹ்வின் பெயரால்', என்று சொல்லாமல் என் கை நகராது. முகக்கவசத்துக்குள் சொல்கிறேன், பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்குக்கூடக் கேட்காது. தஞ்சைத்தமிழ் சொல்லும் அந்தப் பட்டியலையும் ஒவ்வொரு முறையும் படிக்கிறோம். எனக்கு இரண்டும் வேண்டும். பட்டியல், சரியான ஆளுக்குச் சரியான பக்கத்தில் செய்கிறேனா என்று பார்க்கிறது. பிஸ்மில்லாஹ், நான் யார் என்று எனக்குச் சொல்கிறது.

நோன்பு மாதத்தைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். நீண்ட கேஸ்களைக் காலையிலேயே போட்டுவிடுவேன், பிற்பகலில் சின்னது மட்டும். ஒரு வருடம் மாலை நாலு மணிக்குக் குடலில் ஓட்டை விழுந்த கேஸ் வந்தது. தலை லேசாகச் சுற்றியது. தண்ணீர் குடித்து, இரண்டு பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனேன். விட்ட நோன்பைப் பிறகு களா செய்யலாம், அதாவது வேறொரு நாளில் நோற்று ஈடுசெய்யலாம். தப்பாகப் போட்ட தையலை அப்படிச் செய்ய முடியாது. மறுநாள் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சொன்னேன். சரியாகத்தான் செய்தீர்கள் என்றார்.

ஆனால் நான் எழுத வந்தது இதற்காக இல்லை. நம்பிக்கை ஒரு சர்ஜனைக் கெடுக்கவும் முடியும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பயிற்சி முடித்த இரண்டாம் வருடம். ஒரு பெரியவருக்குக் குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருந்தேன். ஆறாம் நாள் இறந்துவிட்டார். தையல் விட்டு உள்ளே கசிந்திருந்தது. நான் உடைந்துபோனேன். குடும்பத்தார்தான் என்னைத் தேற்றினார்கள். "அல்லாஹ்வோட நாட்டம் டாக்டர், நீங்க என்ன செய்வீங்க" என்று அவருடைய மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரத்தில் மனசு லேசாகிவிட்டது.

என் சீனியர் இந்து. கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். அவர் என்னை உட்காரவைத்து அந்த நோயாளியின் சார்ட்டைத் திறந்தார். மூன்றாம் நாளிலிருந்து நாடித்துடிப்பு மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது. 88, 96, 104, 112. காய்ச்சல் பெரிதாக இல்லை என்பதால் நான் கவனிக்கவில்லை. "இந்த நாலு எண்ணையும் எழுதினது நர்ஸ். படிக்க வேண்டியது நீ. கடவுள் இதை உன் கண் முன்னால்தான் வைத்திருந்தார்" என்றார். திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

குடும்பம் அதை நாட்டம் என்று சொல்லலாம், அது அவர்களுக்கு ஆறுதல், அதைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை. சார்ட்டைப் படிக்கும் முன் நான் அதைச் சொல்லக்கூடாது. இன்றுவரை தினமும் காலை ரவுண்ட்ஸில் நான் முதலில் பார்ப்பது நாடித்துடிப்புக் கோட்டைத்தான்.

அந்தக் குடும்பத்திடம் போய் உண்மையைச் சொன்னேனா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

-----

கொல்லிமலைக்காரன் | செவ்வாய், மாலை 6.10

டாக்டர் மேலப்பாளையத்தான், நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு எங்கள் மலைக்காரர் ஒருவர் ஞாபகம் வந்தார். பால் பிராண்ட் என்ற சர்ஜன். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இருவரும் மிஷனரிகள். அப்பா 1929இல் மலைக்காய்ச்சல் முற்றி இங்கேயே இறந்தார். அம்மா கடைசிவரை இந்தப் பக்கத்து மலைகளிலேயே, 95 வயது வரை இருந்தார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த அம்மாவைப் பற்றி இன்னும் பேசுவார்கள்.

பால் பிராண்ட் முதலில் லண்டனில் கட்டட வேலை கற்றவர், அப்புறம்தான் மருத்துவம். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் அவரை அழைத்துப் போனார். அங்கே விரல்கள் மடங்கிப் பறவைக் கால்போல ஆகிவிட்ட ஒரு நோயாளியிடம், என் கையை அழுத்துங்கள் பார்க்கலாம் என்று கையை நீட்டினார். அந்த ஆள் அழுத்தியதில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. அழுகிப்போன கை என்று ஊரே ஒதுக்கிய கையில் அவ்வளவு பலம். சில தசைகள்தான் செத்திருக்கின்றன, முன்கையில் நல்ல தசைகள் அப்படியே இருக்கின்றன என்று அவருக்குப் பிடிபட்டது. நல்ல தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றித் தைத்து, மடங்கிய விரலை நிமிர்த்தினார்.

சரி, இதில் நம்பிக்கை எங்கே வருகிறது? உலகம் முழுக்க எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்கள் இருந்தார்கள். அதுவரை இந்தக் கைகளை ஒருவர்கூட முறையாக ஆராயவில்லை. தொழுநோயாளியைத் தொடுவதற்கே ஆள் இல்லை, படுக்கை கொடுக்க மருத்துவமனைகள் தயங்கின. அந்த மேசைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது அவருடைய மதம் என்றுதான் நான் சொல்வேன்.

அங்கே நின்ற பிறகு அவர் செய்ததுதான் டாக்டர் சொன்ன சார்ட் கதை. தொழுநோய் வந்தால் விரல் தானாகவே அழுகி விழும் என்று எல்லோரும் நம்பினார்கள், மருத்துவர்கள் உட்பட. பிராண்ட் நம்பவில்லை. நோயாளிகளின் கைகளைத் தினமும் பரிசோதித்து, ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரம். சுத்தியல் பிடி. இறுகிய பூட்டை வெறும் விரலால் திருகியது. வலி தெரியாததால் தோல் கிழிவதும் தெரியவில்லை. சிலருக்கு இரவில் விரல் நுனி காணாமல் போனது. விழித்திருந்து பார்த்தபோது எலி கடிப்பது தெரிந்தது. தூங்குகிறவருக்கு உணர்வே இல்லை. பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். பூர்வஜென்ம வினை, சாபம் என்று சொல்லப்பட்ட ஒன்றுக்கு விடை ஒரு பூனையாக இருந்தது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும்.

இன்னொன்றும் உண்டு. கை நேரான பிறகு சிலர் வந்து, இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை, தழும்பைப் பார்த்து யாரும் வேலையும் தருவதில்லை என்று முறையிட்டார்கள். ஆபரேஷன் வெற்றி, ஆனால் மனிதன் பட்டினி. அதன் பிறகுதான் நவ ஜீவ நிலையம் என்று ஒரு குடியிருப்பு தொடங்கி, தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். கட்டட வேலை தெரிந்த சர்ஜனே பக்கத்தில் நின்று உளி பிடிக்கச் சொல்லித் தந்தார்.

-----

தஞ்சைத்தமிழ் | செவ்வாய், இரவு 8.45

கொல்லிமலைக்காரரே, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடத்தில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. பூனையைக் கண்டுபிடித்தது விழித்திருந்து பார்த்த கண்கள். அந்தக் கண்ணுக்கு மதம் தேவையில்லை.

-----

கொல்லிமலைக்காரன் | செவ்வாய், இரவு 9.20

பார்க்க மதம் தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எலி கடிக்கும் விரலுக்காக யாராவது ராத்திரி விழித்திருக்க வேண்டுமே. பணத்துக்காக யாரும் விழித்திருக்கவில்லை. வேறு ஏதாவது காரணத்துக்காக விழித்திருப்பவர் இருந்தால் அவரையும் நான் அதே மரியாதையோடு கும்பிடுவேன்.

-----

வைகைக்கரை | புதன், காலை 6.50

மதுரைக்காரன் நான், டாக்டர் வி. பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோவிந்தப்ப வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம், 1918இல் பிறந்தவர். ராணுவ மருத்துவராக இருந்தபோது முடக்குவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். கை விரல்கள் கோணிவிட்டன. அந்த விரல்களோடு கண் அறுவை சிகிச்சை கற்று, தன் கைக்கு ஏற்றமாதிரி கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். தன் வாழ்நாளில் அவர் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சம் என்பார்கள். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், 11 படுக்கையோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. பெயரே புதுச்சேரி ஆசிரமத்து ஸ்ரீ அரவிந்தரின் பெயர். அவரையும் அன்னையையும் குருவாகக் கொண்டவர்.

அவர் நோயாளிக்கு அரவிந்தர் தத்துவம் சொன்னாரா என்று எனக்குத் தெரிந்து யாரும் கேட்டதில்லை. என் பாட்டி அங்கே இலவசமாகக் கண்புரை எடுத்துக்கொண்டவர், அவருக்கு அரவிந்தர் யார் என்றே தெரியாது. ஆனால் அந்த நம்பிக்கை பாட்டியைத் தொட்டது. காசு கொடுப்பவருக்குச் செய்யும் அதே மருத்துவர்கள்தான் இலவச நோயாளிக்கும் செய்வார்கள். காசு கொடுப்பவர் தரும் பணத்தில்தான் இலவசச் சிகிச்சையும் நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து எட்டாத விலையில் இருந்தபோது, 1992இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்தார்கள். பக்கத்தில் அடுத்த மேசையைத் தயாராக வைத்து, ஒரு கண் முடிந்ததும் சர்ஜன் அப்படியே திரும்பி அடுத்த கண்ணைத் தொடங்குவார். வெளியிலிருந்து பார்த்தால் தொழிற்சாலை மாதிரி தெரியும். பார்வை இல்லாதவர் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பாவம் என்று நினைக்கிற ஒருவர்தான் இப்படி நேரத்தை எண்ணுவார்.

நிலா, ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விட முடியுமா என்று கேட்டீர்கள். என் பாட்டிக்குக் கிடைத்ததை வைத்துச் சொல்கிறேன், முடியும்.

-----

மானிப்பாய்_பெடியன் | புதன், பிற்பகல் 3.30

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில் இருக்கிறன். எங்கட ஊர் மானிப்பாயில் இருக்கிற ஆஸ்பத்திரியின் பெயரே கிறீன் நினைவு வைத்தியசாலை. சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர், அறுவை மருத்துவத்துக்கு 'இரணவைத்தியம்' என்று தமிழில் புத்தகம் வந்ததும் அவருடைய முயற்சியால்தான். அவர் வந்த நோக்கம் மதம் பரப்புவது, அதை அவர் ஒளிக்கவில்லை. அந்தக் காலத்து மிஷன் மருந்தகங்களில் மருந்துக்கு முன் வேதவாசிப்பு வழக்கம். அந்தப் புத்தகங்களை நினைத்தால் எனக்குப் பெருமை. நோவோடு வந்து காத்திருந்தவனுக்கு அந்த வாசிப்பு எப்படி இருந்திருக்கும் என்றும் யோசிக்கிறன். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த மனிதரைப் பார்க்க வேணும்.

இங்கே பிரிட்டனில் பொது மருத்துவக் கவுன்சில் 2013இல் இதற்கென்றே வழிகாட்டு விதி போட்டது. நோயாளி நேரடியாகக் கேட்டால், அல்லது பேச விருப்பம் காட்டினால் மட்டும் மருத்துவர் தன் சொந்த நம்பிக்கையைப் பற்றிப் பேசலாம். தானாகத் திணிக்கக்கூடாது. நோயாளியே கேட்டால் கதவு திறந்திருக்கு. என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது அவவாகவே சர்ஜனிடம் எனக்காகப் பிரார்த்தியுங்கோ என்று கேட்டா. அவர் நிச்சயமாக என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தக் கடவுள், எந்த மதம் எண்டு இரண்டு பேரும் கேட்கேல்லை.

-----

கோவை_வாசகி | புதன், இரவு 11.00

இதுவரை மருத்துவரின் நம்பிக்கையைப் பற்றியே பேசுகிறோம். மருத்துவருக்கும் நோயாளிக்கும் நேர் எதிர் நம்பிக்கை இருந்தால்? என் அண்ணன் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். நான் இல்லை, எங்கள் வீட்டில் அவர் மட்டும்தான். அவர்கள் ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். உயிர் போனாலும் மாட்டார்கள். முழு ரத்தம், சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு எதுவும் கூடாது. அல்புமின் மாதிரி ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சில பொருள்களை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் மனசாட்சிக்கு.

அண்ணனுக்கு இடுப்பு மூட்டு மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு இடத்தில் முடியாது என்றார்கள். ஒருவர் கொஞ்சம் கோபமாகவே, "சாகறதுக்கு என் டேபிள்தான் கிடைச்சுதா?" என்று கேட்டார். அவர் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. காப்பாற்றக்கூடிய உயிர் கண் முன்னால் போவதைக் கை கட்டிப் பார் என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் கோபம் வரும்.

மூன்றாவது மருத்துவர் நெற்றியில் விபூதியோடு இருந்தார். அண்ணன் பயந்துவிட்டார். அவர் முதலில் செய்தது என்னையும், அண்ணனோடு வந்திருந்த சபைப் பெரியவர்களையும் வெளியே உட்காரச் சொன்னது. அரை மணி நேரம் அண்ணனிடம் தனியாகப் பேசினார். இது உன் முடிவா, வெளியே இருப்பவர்களின் முடிவா என்று மூன்று விதமாகக் கேட்டிருக்கிறார். உயிர் போகும் நிலை வந்து நீ மயக்கத்தில் இருக்கும்போது உன் தங்கை என் காலில் விழுந்து ரத்தம் ஏற்றச் சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். அண்ணன் ஏற்றக்கூடாது என்றார். அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

பிறகு என்னைக் கூப்பிட்டு, "இந்த நம்பிக்கை எனக்குப் புரியலைம்மா. ஆனா என்னோட நம்பிக்கையை யாராவது மயக்கத்தில் இருக்கும்போது மாத்தினா நான் தாங்க மாட்டேன்" என்றார்.

நாங்கள் ஆறு வாரம் காத்திருந்தோம். இரும்புச்சத்து ஊசி, ரத்தம் ஊற ஒரு ஊசி, ஹீமோகுளோபின் ஏறிய பிறகுதான் தேதி கொடுத்தார். பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தத்தைக்கூடக் குழந்தைக்கு எடுக்கும் சின்னக் குழாயில் எடுக்கச் சொன்னார். அமெரிக்காவில் டென்டன் கூலி என்ற இதய சர்ஜனின் குழு இந்த மக்களுக்கு ரத்தம் ஏற்றாமல் செய்த 542 ஆபரேஷன்களை 1977இலேயே பதிவு செய்திருக்கிறது என்று அவர்தான் சொன்னார். அண்ணன் இன்று நடக்கிறார்.

அந்த ஒன்றரை மணி நேரம் வெளியே நான் எந்தச் சாமியைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் முடிவு சரி என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. அதை மதித்த மருத்துவர் செய்தது சரி என்று தோன்றுகிறது.

-----

நிலா_திருச்சி | வியாழன், இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. கோவை வாசகி அக்கா எழுதியதைப் படித்த பிறகு அம்மாவிடம் நேராகவே கேட்டேன். இதுவரை நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்காக நானே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா சொன்னது: "வேண்டாம்னு சொன்னா கத்தி வைக்கப் போறவரு மனசு கோணிடுமோன்னு பயமா இருந்துச்சு. அதான் தலையாட்டினேன். அப்புறம் அவரு கண்ணை மூடினதும் நான் என் ஆத்தாவை நினைச்சுக்கிட்டேன். அவரு கை சூடா இருந்துச்சு. அது நல்லாத்தான் இருந்துச்சு."

செவிலி அக்கா சொன்னது அப்படியே உண்மை. காவிரிமைந்தன் சொன்னதிலும் பாதி உண்மை.

இன்று தையல் பார்க்கப் போயிருந்தோம். அம்மா வெளியே போன பிறகு மருத்துவரிடம் தனியாகச் சொன்னேன். கை நடுங்கியது எனக்கு. அம்மா பயந்துபோய்த்தான் சரி என்றார், மேசையில் வைத்துக் கேட்காதீர்கள் டாக்டர், முந்தின நாளே கேளுங்கள், உறவினர் இருக்கும்போது கேளுங்கள் என்றேன். அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் பேசவில்லை. "பதினாறு வருஷமா பண்றேன். வேண்டாம்னு ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. அதனால எல்லாருக்கும் பிடிக்குதுன்னு நினைச்சுட்டேன்" என்றார். பிறகு அம்மாவை உள்ளே கூப்பிட்டு, நான் எதிர்பார்க்கவே இல்லை, மன்னிப்புக் கேட்டார். அம்மா பதறிப்போய், "ஐயோ அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா என்னைத் திட்டினார். பிறகு பஸ்ஸில் இறங்கும்போது, சொன்னது நல்லதுதான் என்றார்.

-----

புதியவன்_சேலம் | வெள்ளி, காலை 8.00

இந்த இழையை முழுவதும் படித்தேன். என் அப்பாவுக்கு அடுத்த மாதம் இதய வால்வு மாற்றுகிறார்கள். அப்பா வீட்டில் பசுவுக்குப் பூஜை செய்யாமல் சாப்பிட மாட்டார். வால்வு மாட்டிலிருந்து செய்வது என்று யாரோ சொன்னார்கள். உண்மையா? இதையெல்லாம் மருத்துவரிடம் கேட்கலாமா? கேட்டால் தப்பாக நினைப்பாரா?

-----

மேலப்பாளையத்தான் | வெள்ளி, பிற்பகல் 1.40

தம்பி, கட்டாயம் கேளுங்கள். திசு வால்வு என்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பன்றியின் இதய வால்விலிருந்து, இன்னொன்று மாட்டின் இதய உறையிலிருந்து. எங்கள் ஆட்களுக்கு முதலாவது சங்கடம், உங்கள் அப்பாவுக்கு இரண்டாவது. விலங்கே வேண்டாம் என்றால் உலோக வால்வு உண்டு, ஆனால் அதற்கு ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டு, அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். திசு வால்வு பத்துப் பதினைந்து வருடத்தில் தேயலாம். அப்பாவின் வயது, வயிற்றுப் புண் உண்டா, அடிக்கடி பரிசோதனைக்கு வர முடியுமா என்பதையெல்லாம் பார்த்துத்தான் அவருடைய சர்ஜன் சொல்ல முடியும், நான் இங்கிருந்து எதையும் சொல்லக்கூடாது. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். ஆபரேஷனின்போது கொடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்து பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. உயிர் காக்க வேறு வழியில்லாதபோது அது கூடும் என்று எங்கள் மார்க்க அறிஞர்கள் சொல்கிறார்கள். அப்பா யாரை மதிக்கிறாரோ அவரிடமும் கேட்டு வையுங்கள்.

தேதி குறிக்கும் முன், வெளிநோயாளிப் பிரிவிலேயே கேளுங்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள், பதிலை அவர் காதால் கேட்கட்டும்.

-----

புதியவன்_சேலம் | வெள்ளி, பிற்பகல் 2.05

நன்றி டாக்டர். திங்கட்கிழமை போகிறோம். தாளில் எழுதிவிட்டேன், முதல் கேள்வியை அப்பாவே எழுதினார்.